முன்வரிசையின் எட்டாவது கதிரை

இதெல்லாம் தொடங்கியபோது தொலைபேசியைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தேன். மறுமுனையில் ஒரு பெண் கத்திக்கொண்டிருந்தாள். மனுகாவில் ஒரு தேவாலய மண்டபம். அவளுடைய இரட்டைப் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம். அவள் கேட்டிருந்தது, குழந்தையை இருத்திச் சாப்பாடு ஊட்டுகிற உயரக் கதிரை இரண்டு. நாங்கள் அனுப்பியிருந்தது, மதுச்சாலையில் குடிக்க வருகிறவர்கள் ஏறி இருக்கிற நெட்டைக்கால் ஸ்டூல் இரண்டு.

"என் பிள்ளைகளுக்கு எட்டு மாதம். இதில் ஏற்றிவைத்து பியரா கொடுக்கச் சொல்கிறீர்கள்?"

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன், ஏனென்றால் முதலாளி பின்னால் நின்றார். தொலைபேசியை வைத்ததும் சொன்னார்: "இது மூன்றாவது தடவை. இன்னும் ஒரு தடவை நடந்தால் அந்த லொறிக்காரியை அனுப்பிவிடுவேன். கதிரையின் பெயர் தெரியாதவளை வைத்துக்கொண்டு நான் கதிரை வாடகைக்கு விட முடியாது."

த்ரீ கிங்ஸ் புறநகரில் கடைத்தொகுதிக்குப் பின்னால் இருந்தது எங்கள் யார்டு. கலியாணம், பிறந்தநாள், பள்ளிக்கூட விழா, செத்த வீடு என்று எதற்கும் கதிரை வாடகைக்கு விடுவோம். பல்கலைக்கழக வகுப்பு இல்லாத நாட்களில் நான் அங்கே தொலைபேசி எடுத்து, கேட்டதைச் சீட்டில் எழுதி, கொக்கியில் மாட்டுவேன். சீட்டைப் பார்த்து லொறியில் ஏற்றி, கொண்டுபோய் இறக்கி, வரிசை போட்டு, விழா முடியும்வரை அங்கேயே காத்திருந்து, பத்துப் பத்தாக அடுக்கித் திருப்பிக் கொண்டுவருவது அவளுடைய வேலை. அவள் செக் நாட்டுக்காரி. அவளுடைய நாடு இரண்டாகப் பிரிந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. இங்கே வந்து ஒரு வருடம். அங்கே நில அளவையாளராக இருந்தவள். இங்கே அவளுக்குக் கொடுக்கப்பட்ட அனுமதிப் பத்திரத்தில் இந்த யார்டின் பெயர் அச்சடித்திருந்தது. இந்த வேலை போனால் வேறு வேலைக்குப் போக முடியாது, விமானத்துக்குத்தான் போகலாம். முதலாளி 'அனுப்பிவிடுவேன்' என்றபோது அதன் முழு அர்த்தமும் அவருக்குத் தெரிந்திருந்தது. அதுதான் எனக்கு முதலில் எரிந்தது.

வெளியே போனேன். அவள் லொறியின் பின்பலகையில் கால்களைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்தாள்.

"சீட்டில் உயரக் கதிரை," என்றாள், அவளுடைய உடைந்த இங்கிலிஷில். "நான் கொண்டுபோனது உயரம். கதிரை. எங்கே பிழை?"

"அது ஸ்டூல்."

"எங்களுக்கு அது கதிரை. பரோவா ஜித்லெ. மதுச்சாலைக் கதிரை." சட்டைப்பையிலிருந்து தன் கையகல அகராதியை எடுத்து என் மடியில் எறிந்தாள். "தேடு. நீ படித்தவள்தானே. தேடித் தா."

தேடினேன். கதிரை என்பதற்கு ஒரு சொல், ஜித்லெ. பலபேர் இருக்கிற நீள வாங்குக்கு ஒரு சொல். அதற்கு மேல் ஒன்றுமில்லை, இங்கிலிஷ் அகரவரிசையில் கதிரையை விட்டால் அடுத்த பக்கத்தில் சிறுத்தைதான். எங்கள் யார்டில் முப்பத்தொரு வகை இருக்கைகள் இருந்தன. அவள் நம்பியிருந்த புத்தகத்தில் இரண்டே இரண்டு. அந்தப் பின்பலகையில் இருந்தபடியே முடிவு செய்தேன்: நாங்களே ஒன்று செய்வது. இங்கிலிஷ் பெயர், படம், எளிய அர்த்தம், செக் சொல். எழுதத் தொடங்கியதும் என்னுடைய பேராசையில் தமிழுக்கும் ஒரு நிரல் போட்டேன்.

தொடங்கினால் நிறுத்தமாட்டேன் என்பது என்னுடைய வியாதி. ஒரு வாரத்தில் சமூகவியல் கட்டுரை ஒன்றைக் கைவிட்டேன், இரண்டு விரிவுரைக்குப் போகவில்லை. தேநீர் நேரமெல்லாம் அவளும் நானும் யார்டுக்குள் ஒவ்வொரு இருக்கையாகப் போய் இருந்து பார்ப்போம். அவள் செக்கில் சொல்வாள், நான் காதில் விழுந்தபடி தமிழ் எழுத்தில் குறித்துக்கொள்வேன். இங்கிலிஷ் எழுத்தைவிடத் தமிழ் எழுத்து அதைப் பத்திரமாகப் பிடித்துவைத்தது. முதுகில்லாதது ஸ்தொலிச்கா. வாங்கு லவித்ஸெ, தேவாலயத்தில் முழந்தாளிட்டு எழும்பி இருக்கிற நீள வாங்கும் அதே லவித்ஸெதான், முன்னால் தேவாலயத்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். கடற்கரையில் விரித்துச் சாய்கிற துணிக் கதிரை லெஹாத்கோ. அதில் கதிரையே கிடையாது, படுக்கிறது என்பதிலிருந்து வந்ததாம். குழந்தைக்குச் சாப்பாடு ஊட்டுகிறதற்குச் சாப்பாட்டுக் குட்டிக்கதிரை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். யாருக்கு, எதற்கு என்று பெயரிலேயே இருக்கிறது. இங்கிலிஷ்காரன் அதன் உயரத்தை மட்டும் அளந்துவிட்டுப் போய்விட்டான். அந்த அளவையை நம்பி ஒருத்தி வேலையை இழக்க வேண்டும்.

கைபிடி வைத்த மெத்தைக் கதிரைக்கு க்ர்ஷெஸ்லொ. அந்த முதல் எழுத்துக்கூட்டம் என் வாயில் மூன்று நாள் நிற்கவில்லை.

"பல் வைத்தியரிடமும் க்ர்ஷெஸ்லொ," என்றாள் அவள். "தியேட்டரிலும் க்ர்ஷெஸ்லொ. அமெரிக்காவில் மின்சாரம் பாய்ச்சிக் கொல்கிறார்களே, அதுவும் க்ர்ஷெஸ்லொ."

"கொல்கிறதுக்கும் மெத்தையா?"

"நாங்கள் மரியாதையான ஆட்கள்."

மூன்று பேர் இருக்கிற மெத்தை இருக்கைதான் எங்களைப் பைத்தியமாக்கியது. இங்கிலிஷில் அதற்கு மூன்று பெயர், சோஃபா, கவுச், செற்றி. முதலாளியிடம் வித்தியாசம் கேட்டேன். தலையைச் சொறிந்துவிட்டு, "எடுக்கிறவர் எங்கே குடியிருக்கிறார் என்பதைப் பொறுத்தது," என்றார். கடலைப் பார்த்த வீட்டுக்காரர் ஒரு பெயர் சொல்வார், தெற்கே தொழிற்சாலைப் பக்கத்து வீட்டுக்காரர் இன்னொரு பெயர் சொல்வார், லொறியில் ஏற்றினால் பாரம் ஒன்றுதான். அவளுடைய மொழியில் பொஹொவ்கா என்றும் ஒன்று, கவுச் என்றும் ஒன்று. கவுச் இங்கிலிஷிடமிருந்து வாங்கியது என்று ஒத்துக்கொண்டாள். எனக்குச் சந்தோஷம், ஏனென்றால் எங்கள் வீட்டில் அதற்குச் செற்றி என்று பெயர், அதுவும் அங்கேயிருந்து வாங்கியதுதான்.

தமிழ் நிரலை நிரப்பப் போனபோது அந்தச் சந்தோஷம் அடங்கியது. கதிரை போர்த்துக்கேயன் கொண்டுவந்தது. வாங்கும் அவன் கொண்டுவந்தது. ஸ்டூலும் செற்றியும் வெள்ளைக்காரனுடையவை. "உங்கள் ஆட்கள் அதற்கு முதல் எதில் இருந்தார்கள்?" என்று அவள் கேட்டாள். பாய், தடுக்கு, பலகை, மணை என்றேன். "எல்லாம் நிலத்தில்," என்றாள், ஏதோ நில அளவைப் படத்தைப் பார்ப்பதுபோல. யார்டுக்குப் பக்கத்தில் டெய்ரி என்கிற மூலைக்கடை வைத்திருந்த கோயம்புத்தூர் அக்காவிடம் போய் முறையிட்டேன்.

"கதிரையா? நாங்க நாற்காலின்னுதான் சொல்லுவோம். சுத்தத் தமிழ்."

"காலை எண்ணிப் பேர் வச்சிருக்கிறியள். மாட்டுக்கும் நாலு கால்தானே அக்கா."

"ஆமா, நீங்க மட்டும் கப்பல்ல வந்து எறங்கினத வச்சுக்கிட்டு பேசுங்க. பால் எத்தனை?"

நாற்காலியையும் எழுதிக்கொண்டேன்.

இங்கிலிஷில் கூட்டத்துக்குத் தலைமை தாங்குகிறவரைக் கதிரையோடு சேர்த்துத்தான் அழைக்கிறார்கள் என்று ஒருநாள் அவளுக்குச் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை. "எங்களுக்கு ப்ர்ஷெத்ஸெதா. முன்னால் இருக்கிறவன் என்று அர்த்தம். எங்கள் ஊரில் முன்னால் இருந்த கட்சிக்காரர்கள் நாற்பது வருடம் எழும்பவேயில்லை. பிறகு ஒருநாள் தெருவில் எல்லாரும் சாவிக்கொத்தைக் கிலுக்கினோம், எழும்பிப் போனார்கள்." அதைச் சொல்லிவிட்டுத் தன் சாவிக்கொத்தை எடுத்துக் கிலுக்கிக் காட்டினாள். அது லொறிச் சாவி.

முப்பத்தொரு வகையும் முடிந்தது. பெரிய அட்டையில் ஒட்டி யார்டுச் சுவரில் ஆணி அடித்து மாட்டினோம். சிறிய பிரதி ஒன்றை மடித்து அவள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு ஐந்து வாரம் ஒரு பிழை இல்லை. முதலாளி அட்டைக்கு முன்னால் நின்று வாசித்துவிட்டு, "ம்," என்றார். அவருடைய அகராதியில் அது பாராட்டு.

ஆறாவது வாரம் எங்களுடைய ஆட்கள் கதிரை கேட்டார்கள்.

எங்கள் ஆட்கள் என்றால் எங்கள் தமிழ்ச் சங்கம். அதற்குச் செயலாளர் என் அப்பா. கலைவிழாவுக்கு இருநூற்றைம்பது அடுக்குக் கதிரை, பிள்ளைகளுக்கு ஆறு வாங்கு, மேடைக்கு நாலு ஸ்டூல், முன்வரிசைக்கு எட்டுக் கைபிடிக் கதிரை. சீட்டை நானே எழுதினேன். அவள் அந்தச் சனிக்கிழமை ஒரு தடவைகூட அட்டையைப் பார்க்காமல் எல்லாவற்றையும் ஏற்றினாள். அந்தப் பள்ளிக்கூட மண்டபத்தில் தனியொருத்தியாக இறக்கி, நூல் பிடித்த மாதிரி வரிசை போட்டாள். நில அளவையாளரின் வரிசை, ஒரு கதிரை விலகவில்லை. நானும் கை கொடுத்தேன் என்று எழுத ஆசைதான். நான் சேலை கட்டியிருந்தேன். நுழைவாயிலில் நின்று சந்தனம் குங்குமம் கொடுத்தேன்.

விழா நாலு மணிக்கு என்று அழைப்பிதழில் போட்டிருந்தது. எங்கள் ஆட்களுக்கு நாலு மணி என்றால் ஐந்தே முக்கால். வந்த சிலபேர் வராத பலபேருக்குக் கதிரை பிடித்துவைத்தார்கள். அது எங்களுக்குப் பிறவியிலேயே வருகிற திறமை. ஒரு அன்ரி கைப்பையை ஒரு கதிரையிலும், சால்வையை அடுத்ததிலும், தேநீர்ப் போத்தலை அதற்கடுத்ததிலும், மகனின் சப்பாத்தைக் கழற்றி நாலாவதிலும் வைத்துவிட்டு ஐந்தாவதில் தான் இருந்துகொண்டார். மண்டபம் அரைவாசி ஆட்களாலும் அரைவாசி பைகளாலும் நிறைந்திருந்தது.

அவள் மண்டபத்தைவிட்டுப் போகக்கூடாது. அது யார்டின் விதி. காலையிலிருந்து தூக்கியவள். இருக்க இடம் தேடினாள். ஒவ்வொரு வரிசையிலும் குனிந்து, "யாராவது?" என்று கேட்டாள். "வருகினம், வருகினம், ஃபமிலி," என்று கைகளை ஆட்டினார்கள். நான் சந்தனக் கிண்ணத்தோடு பார்த்துக்கொண்டு நின்றேன். அவளுக்கு ஒரு இடம் பிடித்துவைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஐம்பது உறவுக்காரருக்கு இடம் பிடிக்கத் தெரிந்த சனத்தில் பிறந்தவள் நான். தோன்றவேயில்லை.

முன்வரிசையில் எட்டுக் கைபிடிக் கதிரைகளும் வெள்ளைத்துணி விரித்து, ஒருவரும் இல்லாமல் இருந்தன. அவள் போய் ஓரத்துக் கதிரையில் இருந்தாள். துணியைக்கூடக் கசங்காமல் விலக்கிவிட்டுத்தான் இருந்தாள்.

பைகளுக்கு நடுவே இருந்த தலைகளெல்லாம் முன்வரிசைக்குத் திரும்பின.

சங்கத் தலைவர் விரைந்து போனார். நாற்பது வருடம் இங்கிலிஷ் பேசுகிறவர், அவளுக்கு முன்னால் நின்று கோழியை விரட்டுவதுபோலக் கையை ஆட்டினார். அவள் புரியாமல் சிரித்தாள். அவர் திரும்பி அப்பாவைப் பார்த்தார். அப்பா என்னிடம் வந்தார்.

"பிள்ளை, உவள் உங்கட யார்டுக்காறிதானே? போய் எழுப்பு."

"பிரதம விருந்தினர் இன்னும் வரேல்லையே அப்பா."

"வருவினம்."

"வந்தாப் பிறகு எழும்புவாள்தானே."

"வந்தாப் பிறகு எழும்புறதெண்டால் அதென்ன மரியாதை? சூடு ஆறாத கதிரையிலையோ ஆக்களை இருத்துறது?"

தலைவரும் வந்து சேர்ந்தார். "தங்கச்சி, லொறி ஓட்டுறவைக்கு முன்வரிசையோ? பின்னாலை சுவர் கிடக்குத்தானே, சாயச் சொல்லும்."

இன்றைக்கு அந்த இடத்தில் நின்றிருந்தால் என்னென்னவோ சொல்லியிருப்பேன், அதுவும் சேலையை வரிந்துகட்டிக்கொண்டு. அன்றைக்குக் கிண்ணத்தை வைத்துவிட்டுப் போனேன். அவளுக்குப் பக்கத்தில் குனிந்து நின்றேன்.

"இது ஒதுக்கி வைத்தது," என்றேன்.

"யாருக்கு?"

"விருந்தினர்களுக்கு."

"எங்கே?"

"இன்னும் வரவில்லை."

"அப்படியென்றால் யாருமில்லை." சட்டைப்பையைத் தட்டினாள். "உன்னுடைய தாளில் எழுதியிருக்கிறது. கைபிடி வைத்தது, மெத்தை வைத்தது, ஒருவர் களைப்பாறுவதற்கு. நான் ஒருவர். களைத்திருக்கிறேன்."

நான் எழுதிய அர்த்தம். என் கையெழுத்து. அதில் ஒரு பிழையும் இல்லை. எங்கள் ஆட்களின் மண்டபத்தில் கதிரை என்பது இருப்பதற்கு இல்லை, யார் இருக்கிறார் என்று மற்றவர்கள் பார்ப்பதற்கு என்று நான் எழுதியிருக்கவில்லை. பிறந்ததிலிருந்து தெரிந்த ஒன்றை எழுத வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? அதையெல்லாம் அவளுக்குச் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது, "தயவுசெய்து எழும்பு."

அவள் என்னைப் பார்த்தாள். எழும்பினாள். பிறகு கதிரையையும் தூக்கினாள்.

இரண்டு கைபிடியையும் பிடித்துத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, வெள்ளைத்துணி பின்னால் தொங்க, நடுப்பாதையில் நடந்தாள். யாரோ ஒரு பையன் கைதட்டினான். தாய் அவன் தொடையில் ஒன்று போட்டாள். பின்சுவர் ஓரம் கதிரையை வைத்தாள். துணியை நாலாக மடித்துக் கைபிடியில் போட்டுவிட்டு இருந்தாள். யார்டின் கதிரை. யார்டின் ஆள். யாரும் ஒன்றும் கேட்க முடியவில்லை.

பிரதம விருந்தினரான உள்ளூர் அரசியல்வாதி ஆறு மணிக்கு மனைவியோடு வந்தார், எங்கே இருக்கவைத்தாலும் இருக்கிற ஆள். முன்வரிசையில் கைபிடிக் கதிரை ஏழுதான் இருந்தது. எட்டாவது யாருக்கென்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அப்பா ஒரு அடுக்குக் கதிரையை இழுத்து வரிசையின் ஓரத்தில் போட்டு இருந்தார். புகைப்படக்காரர் எடுத்த படத்தில் ஏழு பேர் கைகளை அகல வைத்துக்கொண்டிருக்கிறார்கள், அப்பா மட்டும் கைகளை மடியில் கட்டிக்கொண்டு, அரைத்தலை தாழ இருக்கிறார்.

விழா முடிந்ததும் அவள் எல்லாவற்றையும் பத்துப் பத்தாக அடுக்கினாள். எண்ணிக்கை சரி. ஒன்றுக்கும் ஒரு கீறல் இல்லை. அவ்வளவு சனத்தில் ஒரு ஆள் நன்றி சொல்லவில்லை, என்னையும் சேர்த்து.

செவ்வாய்க்கிழமை யார்டுக்குக் கடிதம் வந்தது. கடிதங்களைப் பிரிப்பது என் வேலை. உறையைப் பார்த்த உடனேயே தெரிந்துவிட்டது. சாய்ந்த, கச்சேரி எழுதுவினைஞரின் கையெழுத்து, அப்பாவுடையது. யாழ்ப்பாணத்தில் பதினெட்டு வருடம் அரசாங்கக் கந்தோரில் எழுதின கை. இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து அப்பா எழுதுகிற எந்த இங்கிலிஷ் கடிதமும், மின்சாரக் கட்டணத்துக்கான முறைப்பாடு உட்பட, என் கையால் திருத்தப்படாமல் தபாலுக்குப் போனதில்லை. இது திருத்தப்படாமல் வந்திருந்தது. விருந்தினருக்குரிய ஆசனத்தை உங்கள் பணியாள் பலவந்தமாக அகற்றி எமது சமூகத்துக்கு அவமானம் ஏற்படுத்தினார், தகுந்த நடவடிக்கை எடுக்கவும். பிழைகள் நாலு இருந்தன. திருத்துவதற்குக் கை துடித்தது. அது எனக்கே அருவருப்பாக இருந்தது.

முதலாளி இரண்டு தடவை வாசித்தார். "உன் ஆட்களின் கலியாணம் மட்டும் பதினொன்று முன்பதிவுப் புத்தகத்தில் இருக்கிறது," என்றார். "அவளுடைய அனுமதியைப் புதுப்பிக்க இந்த மாதம் நான் கடிதம் கொடுக்க வேண்டும். உங்கள் சங்கம் இதைத் திரும்பப் பெற்றால் கொடுக்கிறேன். திங்கள் காலைவரை பார்ப்பேன்."

"அவள் ஒரு பிழையும் செய்யவில்லை. ஐந்து வாரமாக ஒரு பிழையும் இல்லை. அந்தச் சனிக்கிழமையும் இல்லை."

"எனக்குத் தெரியும்," என்றார் அவர். தெரிந்திருந்தது என்பதுதான் விஷயம்.

வெளியே அவள் சக்கரங்களுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். பம்பை நிறுத்தவில்லை.

"நான் மன்னிப்புக் கேட்க வேண்டுமா?"

"இல்லை."

"நல்லது. கேட்கமாட்டேன்." கொஞ்ச நேரம் அடித்தாள். "அந்தத் தடித்த மனிதன் கையை ஆட்டினான். அது எனக்கு விளங்கவில்லை. உன் அப்பா பார்த்தார். அதுவும் விளங்கவில்லை. நீ சொன்னதுதான் விளங்கியது."

வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்ற முதலே தொடங்கினேன். அப்பா வேலைச் சட்டையோடு செற்றியில் இருந்தார்.

"ஏன் எனக்குக் காட்டாமல் எழுதினீங்கள்?"

"காட்டியிருந்தால் விட்டிருப்பியோ?"

"அவளைத் திருப்பி அனுப்பப் போறாங்கள் அப்பா. ஒரு கதிரைக்கு."

"ஒரு கதிரை." ரிவியின் சத்தத்தைக் குறைத்தார். "நான் நாள் முழுக்க பிஸ்கட் பெட்டியள் போற பெல்ட்டுக்கு முன்னாலை நிக்கிறன். எட்டு மணித்தியாலம். அங்கை ஒரு ஸ்டூல் இல்லை. கேட்டால் சிரிக்கிறாங்கள். வருசத்திலை ஒரே ஒரு பின்னேரம், என்ர சனத்துக்கு முன்னாலை, ஒரு மரியாதையான கதிரை. அதையும் உவள் தலையிலை தூக்கிக்கொண்டு போனாள். எல்லாரும் பாத்துக்கொண்டு இருக்க."

அது பொய்யில்லை. அவருடைய கால் நரம்புகளை அம்மா எண்ணெய் போட்டு நீவுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். ஆனாலும் கோபம் குறையவில்லை, இன்னும் கூடியது. நிற்கிறவனுக்குத்தானே நிற்கிறவளைத் தெரிய வேண்டும்?

"அவளும் நிண்டுதான் வேலை செய்யிறாள். இருநூற்றைம்பது கதிரை தூக்கினவள்."

"அவள் சம்பளத்துக்குத் தூக்கினவள்."

"நீங்கள் என்னத்துக்கு பெல்ட்டுக்கு முன்னாலை நிக்கிறியள்?"

அவர் ரிவியின் சத்தத்தைக் கூட்டினார். சமையலறையிலிருந்து அம்மா, யாரிடம் என்றில்லாமல், "அண்டைக்கு நாங்கள் பொம்பிளையள் பன்ரண்டு பேர் பின்னாலை நிண்டு வடை சுட்டனாங்கள்," என்றார். "எங்களுக்கு ஒரு கதிரை கேட்டு ஒருதரும் கடிதம் எழுதேல்லை." அப்பாவுக்கு அது கேட்டது. கேட்காததுபோல இருந்தார்.

மூன்று நாள் அவரோடு கதைக்கவில்லை. அந்த மூன்று நாளில் யார்டு அட்டையில் ஆறாவது நிரல் ஒன்று கீறினேன்: யார் இருக்கலாம், யார் எழுப்பலாம். ஒரு வரியும் நிரப்பவில்லை. முதலாவது வரிக்கே மூன்று பக்கம் வேண்டும்போல இருந்தது. அதற்குள் அவள் போய்விடுவாள். அட்டையை விட்டுவிட்டு ஒரு கடிதம் எழுதினேன். சங்கத்தின் பெயரில், ஐந்தே வரி. முந்திய கடிதத்தைத் திரும்பப் பெறுகிறோம். உங்கள் பணியாள் தன் வேலையைக் குறைவின்றிச் செய்தார். அன்று அவர் இருப்பதற்கு நாங்கள் ஒரு இடம் கொடுக்கவில்லை. எங்களுடைய அந்தத் தவறுக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம். எங்கள் கலியாணங்களுக்கு அவரையே அனுப்பவும். கீழே செயலாளரின் கையெழுத்துக்கு ஒரு கோடு.

நேற்று அதைப் பிரதி எடுத்து அவளிடம் காட்டினேன். வாசித்தாள். மூன்றாவது வரியில் விரலை வைத்து, "இது உண்மை," என்றாள். தாளைத் திருப்பித் தந்தாள். என்னை மன்னித்துவிட்டாளா என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. அது அவளுடைய அவசரம் இல்லை.

இன்று சனிக்கிழமை. நாளை பின்னேரம் நிர்வாகக் குழுக் கூட்டம், பிளாட் புஷில் தலைவரின் புது வீட்டில். ஆண்கள் முன்னறையில் கூட்டம் நடத்துவார்கள், பெண்கள் சமையலறையில் தேநீர் ஊற்றுவார்கள். நான் அங்கத்தவர் இல்லை. ஆனாலும் முன்னறைக்குள்தான் போகப்போகிறேன். நிகழ்ச்சி நிரலில் முதலாவதாக இந்தக் கடிதத்தை எடுக்கச் சொல்வேன். எடுக்கமாட்டோம் என்றால் சங்கத்தின் தொலைபேசிப் பட்டியல் என்னிடம் இருக்கிறது, அதைத் தட்டச்சு செய்தவளே நான்தான். அன்று அவள் போட்ட கதிரையில் இருந்த ஒவ்வொரு குடும்பத்தையும் திங்கள் விடிய முதல் கூப்பிட்டுக் கையெழுத்துக் கேட்பேன். கலியாணம் வைத்திருக்கிற பதினொரு வீட்டிலிருந்து தொடங்குவேன். அதில் நாலு வீட்டைத் தான் கூப்பிடுவதாக அம்மா சொல்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கத்துக்கு பஸ் இல்லை. அப்பாவின் காரில்தான் போக வேண்டும். எங்கள் வீட்டிலிருந்து இருபத்தைந்து நிமிடம். கூட்டத்தில் அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். பின் இருக்கையில் போய் ஒளிந்துகொள்ளாமல் அவருக்குப் பக்கத்தில் இருந்து, மோட்டர்வே ஏற முதலே கடிதத்தை விரித்து, ஐந்து வரியையும் உரத்து வாசிப்பேன்.